ஒரு பிடி பூண்டுத்தாள்

தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியில் மழுப்பிவிடுவேன். போன முறை அதைத்தான் செய்தேன். தாளில் எழுதும்போதும் மனசு மாறினால் அடித்துவிடலாம்தான், ஆனால் அடித்தது உன் கண்ணில் படும். உடம்புக்கு ஒன்றுமில்லை. முட்டி வலி பழைய இடத்திலேயே இருக்கிறது. டுரியான் துங்காலில் நான்கு நாளாக மழை. மூன்று மாடியும் ஏறி இறங்க முடிகிறது. சுகச் செய்தி இவ்வளவுதான்.

மூன்று வாரத்துக்கு முன் நீ கோலாலம்பூரிலிருந்து கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். ஹுய் மினின் அம்மா நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்று, பருப்பில் பூண்டுத்தாள் கிடந்தது. அந்த அம்மா பூண்டு, வெங்காயம் எதையும் தொடாதவர். அதை ஹுய் மின் முன்கூட்டியே என்னிடம் சொன்னாளா என்பதுதான் கேள்வி. "ஆமாவா இல்லையா, ஏதாச்சும் ஒன்னு சொல்லுங்கப்பா" என்றாய். "சொல்லவே இல்லைப்பா" என்றேன். நீ நம்பினாய். அவளிடம் போய், "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு, நீதான் மறந்திருப்ப" என்று சொன்னாயாம். அதற்கடுத்த வாரம் கல்யாணம் இப்போதைக்கு வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். நீ இன்றுவரை என்னைக் குறை சொல்லவில்லை, அவளைத்தான் சொல்கிறாய். ஆகவே முதலில் பதிலை எழுதிவிடுகிறேன். அவள் சொன்னாள். தெளிவாக, இரண்டு முறை சொன்னாள். நான் உன்னிடம் சொன்னது பொய்.

இதைப் படித்ததும் கடிதத்தை மூடி வைத்துவிட்டு எனக்குப் போன் போடத் தோன்றும். போடாதே. மீதியையும் படி. எதற்காகச் செய்தேன் என்பது தெரியாவிட்டால், அப்பாவுக்கு வயசாகிவிட்டது, மறதி என்று நீயே எனக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுப்பாய். நீ அப்படிப்பட்ட பிள்ளை. எனக்கு மறதி கிடையாது. ரப்பர் ஆலை லேப்பில் முப்பத்தொரு வருடம் பால் மாதிரிகளை உறைய வைத்து, காய வைத்து, எடை போட்டு எழுதியவன். தோட்டத்தின் எந்த டிவிஷன் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று மோந்து பார்த்தே சொல்வேன் என்று ஆலையில் கேலி பேசுவார்கள். பாலில் தண்ணீர் ஊற்றியவர்களைக் கூப்பிட்டு நிற்க வைத்து, "செஞ்சத விடு, எதுக்கு மறைக்கிற?" என்று நான் பேசிய பேச்செல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. அவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை, நல்லவேளை.

பூண்டுக் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்தால் நீ சோபாவில் படுத்துத் தூங்குவாய். அடுப்படிக்கு வந்து நிற்பவள் அவள்தான். உன் அம்மா போன பிறகு தரை வீட்டை விட்டு இந்த ஃபிளாட்டுக்கு வந்தேனா, இங்கே மண் என்பது செருப்பில் ஒட்டி வந்தால்தான் உண்டு. முன்பக்கம் இரண்டு தொட்டி வைத்துப் பார்த்தேன். காயப்போட்ட துணியில் சேற்றுத் தண்ணீர் சொட்டுகிறது என்று கீழ் வீட்டு மலாய்க்கார மக்சிக் மேலே ஏறி வந்தார். சண்டை போடவில்லை, மூச்சு வாங்க நின்று சிரித்தார். அதனாலேயே மறுநாள் தொட்டிகளை எடுத்துவிட்டேன். ஒரு ஆளுக்குச் சமைப்பதில், ஒரு வலைப்பை பூண்டு வாங்கினால் பாதி முளைத்துப் போகும். ஒரு ஞாயிறு அந்த முளைத்த பற்களைப் பொறுக்கிக் குப்பையில் போடப் போனேன். "அங்கிள், அங்கிள், போடாதீங்க" என்று என் கையைப் பிடித்தாள். அடுத்த முறை வரும்போது, அவள் வீட்டில் சோயாத் தவ்ஃபூ ஊறுகாய் தீர்ந்த சின்னக் கண்ணாடிப் போத்தல்கள் ஆறு கொண்டுவந்தாள். மண்ணே வேண்டாம், தண்ணீர் போதும், யூனிவர்சிட்டி ஹாஸ்டல் ஜன்னலில் இப்படித்தான் வளர்த்தோம் என்றாள். பூண்டே நுழையாத வீட்டுப் பெண் எனக்குப் பூண்டு வளர்க்கச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே அவள் எல்லாம் சாப்பிடுவாள். வீட்டுக்குள்தான் அந்தக் கட்டுப்பாடு.

உன் கொண்டோ அடுக்கு வீட்டிலும் மண் கிடையாது, அதனால் முறையையும் எழுதிவிடுகிறேன். முளை எட்டிப் பார்க்கிற பல்லாகப் பார்த்து எடு. பெரிய வெள்ளைச் சீனாப் பூண்டை விடத் தமிழ்க்கடையில் கிடைக்கிற சின்னப் பூண்டு சுருக்காக முளைக்கிறது. மேல் தோலை உரித்துவிடு, ஒட்டியிருக்கிற கடைசி மெல்லிய தோல் இருக்கட்டும். கூர் முனை மேலே, தட்டையான அடி கீழே. வாய் குறுகிய போத்தலில் பற்களை நெருக்கி நிறுத்தினால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். தண்ணீர் அடித்தட்டை மட்டும் தொட வேண்டும். எல்லோரும் தப்பு செய்வது இங்கேதான். ஆசையில் பல் முழுக நிரப்பிவிடுவார்கள், மூன்றாம் நாள் வழவழவென்று அழுகி, வீடு முழுக்கச் சாக்கடை வாடை அடிக்கும். நானும் முதல் போத்தலை அப்படித்தான் கெடுத்தேன். தண்ணீரைத் தினம் மாற்று. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை அடித்தால் ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்து, மறுநாள் ஊற்று. வெளிச்சம் வேண்டும், உச்சி வெயில் வேண்டாம். இரண்டு நாளில் வெள்ளை வேர் வரும், ஒரு வாரம் பத்து நாளில் தாள் ஒரு சாண் நிற்கும். இரண்டு விரல் விட்டு மேலே கத்தரித்துக்கொள். இன்னொரு முறை வளரும், மெலிசாக. அதற்குப் பிறகு பல் சுருங்கிப் போயிருக்கும், எடுத்துப் போட்டுவிட்டுப் புதுசு வை. முட்டையில் போடலாம், மீஹூன் பிரட்டலில் போடலாம், ரசத்தில் தூவலாம். பூண்டின் காரம் இருக்காது, வாசம் இருக்கும்.

எனக்கு இது பிடித்துப் போயிற்று. லேப் புத்தி போகுமா, ஒரு நோட்டு போட்டு ஒவ்வொரு போத்தலுக்கும் நம்பர் கொடுத்து, எந்த நாள் வைத்தேன், எத்தனை அங்குலம் வளர்ந்தது என்று எழுதினேன். அவள் ஞாயிறுதோறும் வந்ததும் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பாள். தமிழ் எழுத்து தெரியாவிட்டாலும் எண்களைப் பார்த்து, "நம்பர் ஃபோர் சோம்பேறி லா, அங்கிள்" என்பாள். நீ தூங்கிக்கொண்டிருப்பாய். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில் உன்னைவிட அவளிடம்தான் அதிகம் பேசியிருக்கிறேன். அப்படிப்பட்டவளுக்குத்தான் இதைச் செய்தேன்.

அவளுடைய அம்மா வருவதற்கு இரண்டு ஞாயிறு முன்னால், முட்டைக்குத் தாள் கத்தரித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு துண்டைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். அவள் பேசுவது பாதி மலாய், பாதி இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். "அங்கிள், அம்மா வர்ற அன்னிக்கு இது வேணாம். பூண்டு மட்டும் இல்ல, இந்த இலையும் அவங்க சாப்பிட மாட்டாங்க. வெங்காயம், குச்சாய்க் கீரை எல்லாமே வேணாம்." நான், "தெரியும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். போகும்போது செருப்பு மாட்டிக்கொண்டே மறுபடி, "இலையும், அங்கிள், மறந்துடாதீங்க" என்றாள். அவள் போனதும் நோட்டில் எழுதி வைத்தேன். 'அம்மாவுக்குத் தாளும் கூடாது.' அதற்குக் கீழே கோடும் போட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். உன் கேள்விக்குப் பதில் சொன்ன நேரத்தில் அந்த நோட்டு என் கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல்தான் இருந்தது.

நம்மாட்கள் யாரிடமாவது இதைச் சொன்னால் எனக்குத்தான் பரிந்து பேசுவார்கள். நமக்குச் சைவம் என்றால் கறி, மீன், முட்டை இல்லை, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைச் சாம்பாரில் பூண்டு மிதக்கும், விரதச் சோற்றுக்கு வெங்காயச் சம்பல் இருக்கும். சீனர்களின் சைவத்தில் இதெல்லாம் கூடாது என்பது நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பாவம் தமிழ்க் கிழவன், சைவம் என்றதும் நம்ம சைவத்தைச் சமைத்துவிட்டான் என்று கேட்கிற யாரும் நினைப்பார்கள். நான் போய் ஒளிந்துகொண்டது அந்த இடத்தில்தான். நீயும் அவளிடம் அதைத்தான் சொன்னாய் என்று நினைக்கிறேன்.

இப்போது ஏன் என்பதற்கு வருகிறேன். அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் நீ கூப்பிட்டாய். "அப்பா, நீங்க சமைக்க வேணாம் லா. மலாக்கா டவுன்ல ஒரு சைவக் கடை இருக்கு, நான் ஆர்டர் பண்ணிடறேன். நீங்க சட்டைய மாத்திக்கிட்டு உக்காந்தா போதும்" என்றாய். நீ அக்கறையில் சொன்னாய், எனக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதென்று. எனக்கு அது அப்படிக் கேட்கவில்லை. என் கைச் சமையல் அவர்கள் முன்னால் வைக்கத் தகுதி இல்லை என்று கேட்டது. உன் அம்மா போன நான்கு வருடமாக, கருக்கியும் கரித்தும் நானே கற்றுக்கொண்ட சமையல் அது. "நான்தான் சமைப்பேன்" என்று போனை வைத்துவிட்டேன். அப்போதே, "தம்பி, எனக்கு வருத்தமா இருக்குப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது. நமக்குத்தான் அந்த வார்த்தை வாயில் வராதே.

அன்று ஒழுங்காகத்தான் சமைத்தேன். பூண்டு, வெங்காயம் இரண்டையும் கூடையோடு எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அரிவாள்மணையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இஞ்சியும் சோம்பும் கறிவேப்பிலையும் வைத்தே கத்தரிக்காய்ப் பிரட்டல், தவ்ஃபூ சம்பல், பருப்புக் கடையல் எல்லாம் முடித்தேன். எல்லாம் தெரிந்திருந்தும் செய்தேன் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். தெரியாதவன் பூண்டைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்க மாட்டான். கடைசியில் பருப்பை ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது. முன்னறையில் நீங்கள் மூன்று பேரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். நீ அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாய், அந்த அம்மா கைதட்டிச் சிரித்தார். நீ மாண்டரின் கற்றுக்கொண்டிருக்கிறாய் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் வீட்டில் என் பிள்ளை பேசுவது எனக்குப் புரியவில்லை. பொறாமை என்பதைத் தவிர இதற்கு வேறு பெயர் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன். ஜன்னலில் ஆறு போத்தலும் தளதளவென்று நின்றன. கத்தரியை எடுத்து ஒரு பிடி வெட்டிப் பருப்பில் போட்டுக் கிளறினேன். இலைதானே, பூண்டா என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே அது பொய் என்றும் தெரிந்தது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது.

பரிமாறும்போது அந்த அம்மா பருப்பில் கிடந்த பச்சையைக் காட்டி, "இது என்ன இலை?" என்று மலாயில் கேட்டார். "வீட்டில் வளர்த்தது" என்றேன். அது உண்மைதான் பார். ஒரு கரண்டி போட்டுக்கொண்டார். முழுவதையும் சாப்பிட்டார், நன்றாயிருக்கிறது என்றார், அதற்குப் பிறகு வெறும் சோறும் கத்தரிக்காயும்தான். ஹுய் மின் பழம் கழுவ அடுப்படிக்குப் போனவள், திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. ஜன்னலில் ஆறு போத்தலும் மொட்டையாக நின்றதைப் பார்த்திருக்கிறாள். என்னையும் பார்த்தாள். பழத்தட்டை அவள் அம்மா முன்னால் வைத்தாள். நீங்கள் கிளம்பியதும் நான் முதலில் செய்த காரியம், அந்த ஆறு போத்தலையும் பையில் கட்டிக் கீழே குப்பைத் தொட்டியில் போட்டதுதான். அடுத்த வாரம் நீ போத்தல் எங்கே என்று கேட்டிருந்தால் அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது இருபது வருடப் பாக்கி. உனக்கு ஒன்பது வயதில் நிமோனியா வந்து பிழைத்தாய். அந்த மாசி மகத்துக்கு உன் அம்மா பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாள். அவளுக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி. நாற்பதாவது நாளோ என்னவோ, நான் கோழிக்கறி கிளறின கரண்டியை அவள் சாம்பாரில் விட்டுவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, கவனக்குறைவு. அவள் அன்று சாப்பிட்டாள். பிறகு சட்டியில் எண்ணெய் மிதப்பதைப் பார்த்துவிட்டு, "கரண்டி மாறிடுச்சாங்க?" என்று கேட்டாள். "சேச்சே, இல்லையே" என்றேன். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. ஆனால் அந்த வருடம் பால்குடம் எடுக்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் கால்வலி என்றாள். "அம்மா ஏன் தூக்கல?" என்று நீ கோயில் வாசலில் அழுதாய், ஞாபகம் இருக்கிறதா? நான் உனக்கு ஐஸ் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தேன். அடுத்த வருடம் முதல் நாளிலிருந்து மறுபடி விரதம் இருந்து எடுத்தாள். நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவள் சாகும்வரை இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. அதைப் பெரிய மரியாதை என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் அவள் என்னைச் சுமந்துகொண்டு இன்னொரு நாற்பத்தெட்டு நாள் விரதம் கிடந்திருக்கிறாள்.

இதே கணக்குத்தான் ஹுய் மின் விஷயத்திலும் போட்டேன். பெண் பிள்ளை, கொஞ்ச நாள் கோபமாக இருப்பாள், அப்புறம் விட்டுக்கொடுத்துவிடுவாள், எனக்கும் மானம் மிஞ்சும் என்று நினைத்தேன். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு இலைக்காகக் கல்யாணத்தை நிறுத்துவாளா, என்ன பிடிவாதம் என்று உன்னிடமே ஒத்து ஊதினேன். பிறகு ஒருநாள் அடுப்படியில் காபி கலக்கும்போது, உன் அம்மாவும் அன்று இப்படி விட்டுக்கொடுக்காமல் நின்றிருக்கலாமே என்று தோன்றியது. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நான் ஒருவேளை அன்றே பொய் சொல்வதை விட்டிருப்பேன்.

முந்தாநாள் காரை எடுத்துக்கொண்டு தஞ்சோங் கிளிங் போனேன். கடற்கரை ரோட்டில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் ஹுய் மினின் வீடு என்று மட்டும்தான் தெரியும். இரண்டு தெரு தப்பிப் போய், மீன் வலை காயப் போட்டிருந்த ஒருவரைக் கேட்டுக் கண்டுபிடித்தேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. பழம் வாங்கிப் போகலாமா என்று நினைத்தேன், அதுவும் ஒரு மறைப்பு மாதிரி இருந்தது. அந்த அம்மா தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொல்லித் தேத்தண்ணீர் வைத்தார். எனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். ஹுய் மின் என்னிடம் சொன்னாள், எனக்குத் தெரியும், தெரிந்தே போட்டேன், பிறகு என் மகனிடம் பொய் சொன்னேன் என்று. அவர் தேத்தண்ணீரை மட்டும் என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"முதல் வாயிலேயே எனக்குத் தெரியும்" என்றார். "பூண்டு வாசம் மறக்குமா? முந்தியெல்லாம் சாப்பிட்டவள்தானே." அப்புறம் ஏன் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "நீங்க பார்த்துக்கிட்டு இருந்தீங்க. வீட்டுக்காரர் முன்னாடி எப்படித் துப்பறது?" என்றார். ஹுய் மினுக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, டாக்டர்கள் கைவிட்ட நேரத்தில், பிள்ளை பிழைத்தால் ஆயுசுக்கும் சைவம் என்று வேண்டிக்கொண்டாராம். அன்றிலிருந்து ஒருநாளும் தவறியதில்லை என்றார். நம் வீட்டில்தான் முதல் தடவை. உன் அம்மா பால்குடம் வேண்டிக்கொண்டதும் இதற்குத்தானே. பாஷைதான் வேறு.

மன்னித்துவிடுங்கள் என்றேன். "சாமிகிட்ட நான் பேசிக்கறேன், அவருக்குப் புரியும்" என்றார். பிறகு, "ஆனா, என் பொண்ணு என்கிட்ட வந்து அழுதது இலைக்காக இல்ல. 'அவன் என்னைக் கேட்கவே இல்லம்மா, அப்பாவைக் கேட்டான், வந்து தீர்ப்புச் சொன்னான்'னு அழுதா. அதுக்கு நீங்க மன்னிப்புக் கேட்க முடியாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வாசல் வரை வந்து வழியனுப்பினார். ரோட்டில் காரைத் திருப்ப இடம் பார்த்துச் சொன்னதும் அவர்தான்.

அந்த அம்மா சொன்னது சரி. என் பங்கை நான் சொல்லிவிட்டேன். உன் பங்கு உன்னிடம் இருக்கிறது. நான் பொய் சொன்னேன், அது என் குற்றம். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் என் சொல்லை எடுத்துக்கொண்டு போய் அவள்மேல் வைத்தவன் நீ. பெற்றவரை நம்புவது நல்ல குணம் என்று ஊரில் சொல்வார்கள், நானும் அப்படித்தான் உன்னை வளர்த்தேன். வளர்த்ததில் கொஞ்சம் தப்பு இருக்கிறது. பெற்றவரும் ஆட்கள்தான், தம்பி. அவர்களுக்கும் பொறாமை வரும், பயம் வரும், பிள்ளை கையைவிட்டுப் போகிறானே என்று ஒரு பிடி இலையை அள்ளிப் போடத் தோன்றும். கல்யாணம் ஆன பிறகு நானோ வேறு யாரோ அவளைப் பற்றி ஏதாவது சொன்னால், முதலில் அவளிடம் போய்க் கேள். எனக்கு அது பிடிக்காமல் போகலாம். அதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதே. கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. நடக்க வேண்டும் என்று ஆசை. அவள் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதையும் குற்றமாகச் சொல்லாதே. அதற்கான காரணம் என் கையாலும் உன் வாயாலும் வந்தது.

இந்த விஷயத்தை ஹுய் மினிடம் நானே சொல்லலாம் என்று அவள் நம்பரை எடுத்தேன். பிறகு, உன் பங்கை நீதான் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அதனால் நீ இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், அவள் எதிரில் உட்கார்ந்து, அவளுக்குப் புரிகிற பாஷையில் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்ட வேண்டும். சுருக்கிச் சொல்லாதே. பொறாமை என்று எழுதியிருக்கிற இடத்தில் பொறாமை என்றே சொல். உன் அம்மாவின் கரண்டிக் கதையையும் விட்டுவிடாதே. உன்னைப் பற்றி நான் எழுதியிருப்பதையும் உன் வாயாலேயே சொல். நடுவில் எங்கேயாவது, எங்கப்பாதானே, இந்த வார்த்தையைக் கொஞ்சம் மெதுவாக்கிச் சொல்லலாமே என்று உனக்குத் தோன்றும். அந்த இடத்தில் நிறுத்தி, முதலில் அவளிடம் மன்னிப்புக் கேள். பிறகு அந்த வார்த்தையை நான் எழுதியிருக்கிறபடியே சொல்.

அப்பா